நிறுவலை மேடைக்குக் கொண்டுவாருங்கள்: கணிதத் துறைகளுக்கும் கணிதச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கணிதத் துறைத் தலைவர்களுக்கும் கணிதச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறவர் என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால், கேட்பவரிடமிருந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "கணக்குல புதுசா கண்டுபிடிக்க இன்னும் என்ன இருக்கு?" இயற்பியல் ஆய்வாளரிடம் இதை யாரும் கேட்பதில்லை. உயிரியல் ஆய்வாளரிடமும் கேட்பதில்லை. அந்தத் துறைகளில் தெரியாதது ஏராளம் என்பது ஊரறிந்த செய்தி. கணிதம் மட்டும் எப்போதோ முடிந்துபோய், விடைகளோடு அச்சாகி, பாடநூலுக்குள் அடங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். கேட்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் போட்ட ஒருவருக்கு இந்த எண்ணம்தான் மிஞ்சியது என்றால், சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நான் கணிதம் படித்து, கணிதம் கற்பித்து, கல்விக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களோடும் கணிதம் பேசிவருகிற ஆள். உங்களிடம் கேட்பது இரண்டு. பொதுமக்களோடு கணிதம் பேசுவதைக் கணிதவியலாளரின் வேலையில் ஒரு பங்காகவே கணக்கில் சேருங்கள். அப்படிப் பேசும்போது கணிதத்தைச் சுற்றியுள்ள கதைகளோடு நின்றுவிடாமல் கணிதத்தையே கொடுங்கள். அதாவது, ஒன்று ஏன் உண்மை என்பதைக் காட்டும் நிறுவலைக் கொடுங்கள். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14ஆம் தேதியை உலகக் கணித நாளாக யுனெஸ்கோ 2019இல் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அந்த நாளில் பல இடங்களில் நடப்பது பை என்னும் எண்ணின் தசம இலக்கங்களை ஒப்பிக்கும் போட்டி. நினைவாற்றலை நான் குறைத்துப் பேசவில்லை. எந்த வட்டத்தை எடுத்தாலும், சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஏன் ஒரே எண் வருகிறது என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை, அதுதான் என் குறை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் கைதட்டிவிட்டு வந்தால், அன்று அங்கே கணிதம் நடக்கவில்லை.

இராமானுஜன் விஷயத்திலும் இதையேதான் செய்கிறோம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், 1729 என்ற எண், 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானது, 1920இல் 32 வயதில் மறைந்தது, எல்லாம் நமக்கு மனப்பாடம். அவருடைய கணிதத்தில் ஒரு துளியையாவது எத்தனை மேடைகளில் காட்டியிருக்கிறோம்? 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரித்து எழுதுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழிகள். 9ஐப் பிரித்தால் 30 வழிகள். 14ஐப் பிரித்தால் 135. எண் 4இலோ 9இலோ முடிந்தால் வழிகளின் எண்ணிக்கை ஐந்தால் மீதியின்றி வகுபடும். இதைக் கவனித்ததோடு நிற்காமல் நிறுவியும் காட்டினார் அவர். கூட்டத் தெரிந்த யாரும் 9 வரைக்கும் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். அப்படிப் போட்டுப் பார்த்தவருக்கு, வாழ்க்கைக் கதையை ஒரு மணி நேரம் கேட்டவரைவிட இராமானுஜனை நெருக்கமாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கதையிலும் முக்கியமான ஒரு செய்தியை விட்டுவிடுகிறோம். காகிதம் கட்டுப்படியாகாததால் அவர் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அதனால்தான் குறிப்பேடுகளில் நிறுவல்கள் அநேகமாக இல்லை. அவற்றுக்கு நிறுவல் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்ட புரூஸ் பெர்ன்ட், 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். சிலேட்டில் நடந்த உழைப்பைச் சொல்லாமல் முடிவுகளை மட்டும் அடுக்கினால், அவை வானத்திலிருந்து விழுந்தவை என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவி, 'எனக்கு இப்படி எதுவும் விழவில்லையே, அப்படியானால் இது எனக்கான துறை இல்லை' என்று முடிவுகட்டிவிட்டு எழுந்துபோகிறாள். மேதைமைக் கதைகளால் நாம் இழக்கும் பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை.

வேறு எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். என் கூட்டங்களில் நான் அடிக்கடி எடுப்பது ஒரு சதுரங்கப் பலகையையும் ஒரு பெட்டி டோமினோ கட்டைகளையும்தான். பலகையில் 64 கட்டங்கள். ஒரு கட்டை பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கட்டங்களைச் சரியாக மூடும். 32 கட்டைகளால் பலகை முழுவதையும் மூடுவது எளிது. இப்போது எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு கட்டத்தை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 62. இதை 31 கட்டைகளால் மூட முடியுமா?

இந்த இடத்தில் பேச்சாளர் பேச்சை நிறுத்த வேண்டும். கட்டைகளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடமானாலும் பொறுத்திருக்க வேண்டும். முதலில் எல்லோரும் மளமளவென்று அடுக்குவார்கள். கடைசியில் இரண்டு கட்டங்கள் ஒட்டாமல் தள்ளித் தள்ளி மிஞ்சும். கலைத்துவிட்டு வேறு மூலையிலிருந்து தொடங்குவார்கள். மறுபடியும் இரண்டு மிஞ்சும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது "முடியாது போல" என்பார். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: உங்களால் முடியவில்லையா, யாராலும் முடியாதா?

மேசை அமைதியாகிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவர்கள் யாரும் அதுவரை யோசித்திருக்க மாட்டார்கள். பிறகு ஒருவர், அநேகமாக அதுவரை வாய் திறக்காத ஒருவர், "மிஞ்சுறது ரெண்டும் எப்பவும் ஒரே நிறமா இருக்கே" என்பார். அங்கிருந்து அவர்களே ஓடிவிடுவார்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம். எடுத்தவை வெள்ளை என்றால் மிச்சம் 32 கறுப்பு, 30 வெள்ளை. ஒவ்வொரு கட்டையும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். 31 கட்டைகள் 31 கறுப்பையும் 31 வெள்ளையையும் மூட வேண்டும். கணக்கு ஒத்துவராது. ஆகவே முடியாது. எந்தக் கணினியாலும் முடியாது, இனிப் பிறக்கப்போகிறவர்களாலும் முடியாது. இதைச் சொல்லும் உரிமை அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

நான் இதோடு நிறுத்துவதில்லை. ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்தால் என்ன ஆகும்? எண்ணிக்கை சமம். ஆனால் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் மூடிவிட முடியும் என்று யார் சொன்னது? கணிதவியலாளர் ரால்ஃப் கோமரி இதற்கு ஒரு அழகான விடை கொடுத்தார். எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு சுற்றுப்பாதையைப் பலகையில் வரையுங்கள். பாதையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எங்கே எடுத்தாலும் பாதை இரண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் கட்டங்கள் இரட்டைப்படையில் இருக்கும். (எடுத்த இரண்டும் பாதையில் அடுத்தடுத்து இருந்தால் 62 கட்டங்களோடு ஒரே துண்டு.) ஒரு முனையிலிருந்து கட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். சரி, இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் எடுத்தால்? மூலைக் கட்டத்துக்கு அண்டையில் இருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டால் மூலை தனித்துப்போய்விடும் என்று பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

இதில் சூத்திரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கணித ஆராய்ச்சியில் நடப்பது அத்தனையும் இருக்கிறது. முட்டி மோதுவது, தோல்வியிலேயே ஒரு ஒழுங்கைக் காண்பது, அதற்குக் காரணம் தேடுவது, காரணம் கிடைத்த கையோடு அடுத்த கேள்வியைக் கேட்பது. கணிதவியலாளராக ஆவது என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் விடையும் இதுதான். அந்தப் பதினைந்து நிமிடம் அவர்களுக்குப் பதினைந்து மாதமாக நீளும். அதைத் தாங்கப் பழக வேண்டும்.

தாங்குவதைப் பற்றி நாம் வெளியே பேசுவதே இல்லை. கணிதவியலாளர் ஜூலியா ராபின்சன் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த காலத்தில், தினமும் என்ன செய்கிறீர்கள் என்று அலுவலகம் எழுதிக் கேட்டது. திங்கள் முதல் வியாழன் வரை 'தேற்றத்தை நிறுவ முயன்றேன்', வெள்ளிக்கிழமை 'தேற்றம் தவறு' என்று எழுதிக் கொடுத்தார். பின்னாளில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவர் அவர். கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற முதல் பெண்ணான மரியம் மிர்சாகானி, தன்னை மெதுவாக யோசிப்பவர் என்றே சொன்னார். பெரிய தாள்களைத் தரையில் விரித்து, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் நிறுவப்படாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் அறிவித்தபோது உலகமே கொண்டாடியது. பிறகு நிறுவலில் ஒரு ஓட்டை தெரிந்தது. 1994 செப்டம்பரில்தான், ரிச்சர்ட் டெய்லரும் கைகொடுக்க, அது சரியானது. நடுவில் போன அந்த ஓராண்டைப் பற்றித்தான் ஒரு இளம் ஆய்வாளரிடம் நாம் அதிகம் பேச வேண்டும். தன் முதல் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்த அன்று அவருக்கு உதவப்போவது அதுதான்.

சாதாரண மக்களுக்கு நிறுவல் புரியாது என்று உங்களில் சிலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். இதை நான் ஏற்கவில்லை. முழுதாகப் புரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரஷ்யக் கணிதவியலாளர் சோஃபியா கோவலெவ்ஸ்கயா சிறுமியாக இருந்தபோது, வீட்டில் சுவருக்கு ஒட்டும் காகிதம் போதாமல் அவருடைய அறையில் நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டிவைத்தார்கள். ஒன்றும் விளங்காவிட்டாலும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். பின்னால் முறையாக நுண்கணிதம் படிக்க உட்கார்ந்தபோது, ஏற்கெனவே தெரிந்ததுபோல அவர் பிடித்துக்கொண்ட வேகத்தைக் கண்டு ஆசிரியர் வியந்தார். 1889இல் ஸ்டாக்ஹோமில் நிலையான பேராசிரியர் பதவி பெற்றார். விளங்காததையும் மதிப்போடு ஒருவர் முன்னால் வைக்கலாம். விளங்காது என்று முடிவுசெய்து மறைத்துவைப்பதுதான் அவமதிப்பு.

மறைக்காமல் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. மார்ட்டின் கார்ட்னர் கணிதத்தில் பட்டம் பெற்றவர் அல்லர், படித்தது தத்துவம். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அறிவியல் இதழ் ஒன்றில் மாதந்தோறும் கணிதம் எழுதினார். 1975இல், எந்தெந்தக் குவி ஐங்கோணங்களால் (மூலை எதுவும் உள்நோக்கி மடங்காத ஐங்கோணங்களால்) ஒரு தளத்தை இடைவெளியின்றி நிரப்பலாம் என்று எழுதினார். வகைகளின் பட்டியல் முழுமையடைந்துவிட்டதாக அப்போது நம்பினார்கள். அதைப் படித்த வாசகர் ஒருவர் பட்டியலில் இல்லாத புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினார். அடுத்து, பள்ளிப் படிப்போடு நின்ற இல்லத்தரசியான மார்ஜரி ரைஸ், தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டு மேலும் நான்கு வகைகளைக் கண்டுபிடித்தார். மொத்தம் 15 வகைகள்தான், அதற்குமேல் இல்லை என்று மிக்கேல் ராவ் 2017இல் கணினித் துணையோடு நிறுவினார். அந்தப் பதினைந்தில் நான்கு, பல்கலைக்கழகத்துக்கே போகாத ஒருவருடையவை.

அது எங்கோ ஒருமுறை நடந்த அதிசயம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரே வகை ஓடு ஒன்றை மட்டும் வைத்து, வடிவம் எங்கும் சீராகத் திரும்பி வராதபடி தளத்தை நிரப்ப முடியுமா என்பது பல பத்தாண்டுகள் விடை தெரியாமல் இருந்த கேள்வி. அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித், பதின்மூன்று பக்கங்கள் கொண்ட அப்படிப்பட்ட ஓடு ஒன்றைக் கண்டுபிடித்தார். மூன்று ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து நிறுவலை முடித்து 2023இல் வெளியிட்டார்கள்.

இந்த இருவர் கதையிலும் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு விஷயம். அவர்களுக்குப் பதில் எழுத ஆள் இருந்தது. ரைஸின் கடிதத்தைக் கார்ட்னர் கணிதவியலாளர் டோரிஸ் ஷாட்ஷ்னைடருக்கு அனுப்பினார். அவர் பொறுமையாக அந்தக் குறியீடுகளைப் படித்துப் புரிந்துகொண்டார். ஹார்டிக்கு முன்பு கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதியும் இராமானுஜனுக்கு உதவி கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தவறானவை என்பது எனக்கும் தெரியும். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு, ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைவதாகச் சொல்லும் தீர்வுகளை இனிப் பார்ப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இலேயே முடிவெடுத்தது. அப்படி வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்பதைக் கணிதவியலாளர் லிண்டெமன் நிறுவியது 1882இல்தான். அந்தச் சலிப்பு எனக்கும் புரிகிறது. இருந்தாலும், ஒவ்வொரு துறையிலும் மாதத்துக்கு ஒருநாள், ஒரு ஆசிரியரும் ஒரு ஆய்வு மாணவரும் உட்கார்ந்து அந்தக் கடிதங்களைப் படித்து, தவறு எந்த வரியில் என்று ஒரு பத்தியில் எழுதி அனுப்பலாம். தவறைக் கண்டுபிடிப்பதில் ஆய்வு மாணவருக்கும் நல்ல பயிற்சி கிடைக்கும்.

இனி முதல் கோரிக்கைக்கு வருகிறேன். விளக்கிச் சொல்வது இரண்டாம் தர மனங்களுக்கான வேலை என்று 1940இல் ஹார்டி எழுதினார். இராமானுஜனின் கடிதத்தைப் படித்துப் பதில் எழுதிய அதே ஹார்டி. அந்த வரி நம் துறையில் இன்றும் குறையாத செல்வாக்கோடு இருக்கிறது. பதவி உயர்வுப் படிவத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு பத்தி, கற்பித்தலுக்கு ஒரு பத்தி, பொதுமக்களோடு பேசியதற்குக் கடைசியில் 'இதர பணிகள்' என்று ஒரு வரி. அதனால்தான் இளம் ஆய்வாளர்கள் இதில் இறங்கத் தயங்குகிறார்கள். இறங்கியவரைப் பார்த்து, 'ஆராய்ச்சி ஓடவில்லை போலிருக்கிறது' என்று மூத்தவர்கள் பேசுவதும் அவர்கள் காதில் விழுகிறது.

ஹார்டியின் வரிக்கு அமெரிக்கக் கணிதவியலாளர் வில்லியம் தர்ஸ்டனின் அனுபவமே பதில். எழுபதுகளில் அவர் ஒரு துறைக்குள் புகுந்து பெரிய பெரிய தேற்றங்களை அடுக்கடுக்காக நிறுவினார். சில ஆண்டுகளில் அந்தத் துறையிலிருந்து மற்றவர்கள் விலகிப் போய்விட்டார்கள். தேற்றங்கள் தீர்ந்துபோனதால் அல்ல; அவருடைய தலைக்குள் இருந்த சிந்தனை முறை மற்றவர்களுக்குப் போய்ச் சேராததால். 1994இல் இதைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, கணிதவியலாளரின் வேலை மனிதர்களின் கணிதப் புரிதலை வளர்ப்பது என்றார். சக ஆய்வாளர்களுக்கே இந்த நிலை என்றால், பொதுமக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பரிசுகள் இல்லாமல் இல்லை. 2010இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில், கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்பவருக்கான லீலாவதி பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டது. 2018இல் அது துருக்கியில் ஒரு கணித கிராமத்தையே கட்டியெழுப்பிய அலி நெசினுக்குப் போனது. மகிழ்ச்சிதான். ஆனால் அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகில் ஒருவருக்குக் கிடைக்கும் பரிசு. இலண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனம் 1825இல் தொடங்கிய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் அறிவியல் விரிவுரைகளில் கணிதத்துக்கு இடம் கிடைத்தது 1978இல், கிறிஸ்டஃபர் ஸீமன் வந்தபோதுதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் நாம் அழைக்கப்படவில்லை என்று குறைப்படலாம். நாம் போய்க் கேட்டோமா என்றும் யோசிக்கலாம். ஸீமனின் விரிவுரைகளைத் தொடர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித வகுப்புகளும் அங்கே தொடங்கின, இன்றும் நடக்கின்றன.

துறைத் தலைவர்களிடம் நான் கேட்பது இது. அடுத்த முறை மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தும்போது, பொதுமக்களுக்கான கணிதப் பணிக்குத் தனிப் பத்தி கொடுங்கள். அதன் தரத்தைப் பார்க்க, கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணாதீர்கள். ஒரு நிறுவலையாவது முழுதாகக் கொடுத்தாரா, கேட்டவர்கள் தாங்களே எதையாவது செய்துபார்த்தார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேட்டோடும், கணிதம் படிக்காத ஒருவர் வாசித்துக் கேள்வி கேட்கக்கூடிய இரண்டு பக்கங்களை, அந்த மக்கள் பேசும் மொழியில் இணைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்று மாணவர் சொன்னால், வழிகாட்டி உட்கார்ந்து கற்றுக்கொடுக்கட்டும். வழிகாட்டிக்கும் தெரியாது என்றால் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

சங்கங்களிடம் கேட்பது இன்னொன்று. ஆண்டு மாநாடுகளில் ஒரு மாலையைக் கதவு திறந்து வையுங்கள். அந்த மாலைக்கு இளையவர்களை மட்டும் அனுப்பிவிட்டு மூத்தவர்கள் விருந்துக்குப் போக வேண்டாம். தங்கள் துறையில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை, தான் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பதோடு சொல்லக்கூடிய மூத்த ஆய்வாளர் ஒருவராவது மேடையில் இருக்கட்டும். கணிதத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு அவரைவிட நல்ல பதிலை யாராலும் கொடுக்க முடியாது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி நேரம் போய்விடும் என்பீர்கள். போகும்தான். மாதத்துக்கு ஒரு மாலை, ஆண்டுக்கு இரண்டு பக்கங்கள் என்ற அளவில் போகும். அந்த அளவுகூட அதிகம் என்று தோன்றினால் எதைக் குறைக்கலாம் என்று எழுதுங்கள். பதிலைப் பொதுவிலேயே எழுதுங்கள். படிவம், ஆய்வேடு, மாநாட்டு மாலை ஆகிய மூன்றில் எதைத் தொடங்கப்போகிறீர்கள், எப்போது என்பதையும் அதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியர்